மழை அரித்தது என்று சொன்னேன்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று பேர், வளர்த்தது ஐந்து பேர். கூடுதல் இரண்டும் என் வீட்டுக்காரரின் தங்கை பிள்ளைகள். தாய் போனபிறகு என் மடிக்கு வந்தவர்கள். ஐந்து பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்லி என்னிடம் தப்பியது கிடையாது. பொய் சொன்ன பிள்ளைக்குச் சோறு போடுவேன், பேச மாட்டேன். அடியைவிட அதற்குத்தான் பயப்படுவார்கள்.

இதை முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. அவ்வளவு கறாராக இருந்த நான் எழுபத்திரண்டாவது வயதில் ஒரு பொய் சொன்னேன். மூன்று வார்த்தைப் பொய். அதனால் நல்ல மனுஷர் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது. போகாமல் நின்றது. நின்றதற்கு யார் யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேனோ அவர்களை நினைத்துத்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வரும். அதற்குமேல் விரல் கேட்காது. அவசரம் ஒன்றும் இல்லை.

நான் கொடைக்கானல் மலைமேல் கவுஞ்சியில் பிறந்தவள். இரண்டாம் வகுப்பு வரை போனேன். அதற்குப்பிறகு எழுத்து மறந்துபோகாமல் இருந்தது பஸ் போர்டாலும், கொய்யாப் பெட்டி மேல் கமிஷன் கடைப் பேரை எழுதிப் பழகியதாலும்தான்.

கவுஞ்சியில் எங்கள் காடு படிப்படியாக இருக்கும். பூண்டு போடுவோம், உருளைக்கிழங்கு போடுவோம். மழை பெய்தால் மேல் படி மண் கீழ் படியில் வந்து ஒதுங்கும். வெள்ளாமை எடுத்ததும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அந்த மண்ணைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மறுபடியும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவோம். மலை இறக்குவதை நாங்கள் ஏற்றுவோம். வருஷா வருஷம் இதே சோலி. ஒரு வீட்டுக் காட்டில் மண் சும்மா ஒதுங்கிக் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் ஊர் பேசும். அப்படிப் பேச்சு வாங்காதவள் நான். பதினெட்டு வயதில் பழனிப் பக்கம் ஆயக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு மலை இறங்கியபோது சீர்வரிசையோடு இந்தப் புத்தியும் கூடவே இறங்கியது.

ஆயக்குடியில் எங்களுக்குக் கொய்யாத் தோப்பு. கிளைகளைக் கவாத்து வெட்டி முடித்ததும் ஒவ்வொரு மரத்தின் தூரிலும் புது மண் அணைக்க வேண்டும். அணைத்தால் வேர் குளிரும், காய் திரளும். எங்கள் தோப்புக் காய்க்குச் சந்தையில் தனிப் பேர் உண்டு. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில்தான் காஸ் குழாய் வந்தது. எங்கேயோ கடற்கரைப் பக்கமிருந்து எங்கேயோ பாக்டரிக்குப் போகிற குழாய். எங்கள் தோப்பின் நடுவே, இரண்டு வண்டி ஒன்றாகப் போகிற அகலத்துக்கு மரங்களை எடுத்துவிட்டு, மார்பளவு ஆழத்தில் இறக்கி மூடினார்கள். நிலம் உங்களுடையது, அடியில் இருப்பது எங்களுடையது என்றார்கள். அந்தப் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு போர் கூடாது, கட்டடம் கூடாது, சொல்லாமல் தோண்டக் கூடாது. கீரை, கடலை போட்டுக்கொள்ளலாம். ஓரத்தில் மஞ்சள் கம்பம் ஒன்று நட்டு அதில் சின்னப் பெட்டி வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நானும் கேட்டேன். தோண்டக் கூடாது என்றார்களே தவிர, சுரண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரம் இல்லாத பட்டை. வெயில் பட்டுப் பொலபொலவென்று கிடக்கிற செம்மண். பக்கத்திலேயே மண் கேட்டு நிற்கிற கொய்யா மரங்கள். கவுஞ்சிக்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க முடியுமா? கவாத்து முடிந்ததும் நானும் மருமகளும் அந்தப் பட்டையில் நாலு விரல் கனத்துக்கு மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளி மரத் தூருக்கு அணைப்போம். பிறகு பலகை போட்டு இழுத்துச் சமப்படுத்திவிடுவோம். இரண்டு நாள் வேலை. வருஷத்துக்கு நாலு விரல்தானே. அப்படி ஒன்பது, பத்து வருஷம் ஓடிவிட்டது. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நடந்து வருவார். பழனி கடைவீதிக்காரர், ஐம்பது வயது இருக்கும். ஆரஞ்சுச் சட்டை, கையில் கம்பு, இடுப்பில் போன். தினமும் குழாய் போகிற வழியே பல மைல் நடந்து, யாராவது தோண்டுகிறார்களா, மண் சரிந்திருக்கிறதா, செடி வாடியிருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். ஊரில் அவருக்குப் பேர் குழாய் பாய். நான் தம்பி என்பேன். அவர் என்னை ஆத்தா என்பார். வெள்ளனே கிளம்பி எங்கள் தோப்புக்கு வரும்போது பத்து மணி ஆகும். மோட்டார் கொட்டகையில் தண்ணீர் குடிப்பார். கொய்யாக்காயை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி உப்புத் தடவிக் கொடுப்பேன்.

“ஆத்தா, உப்புப் போட்டுக் குடுத்து என்னையக் கட்டிப்போட்டுட்டீங்க. உங்க தோப்பத் தாண்டி காலு நகர மாட்டேங்குது.”

“நகரலேன்னா இங்கனயே காவலுக்கு உக்காரு. பன்றிய வெரட்டலாம்.”

“பன்றி வெரட்டுறதுக்கு எங்க ஆபீசுல சம்பளம் தர மாட்டாங்க ஆத்தா.”

சில மாதத்துக்கு ஒரு தரம் மஞ்சள் கம்பத்துப் பெட்டியைத் திறந்து ஒரு வேலை செய்வார். மண்ணில் தண்ணீர் ஊற்றி நனைப்பார். நீலத் தண்ணீர் அடைத்த ஒரு குழலை அதன்மேல் நிறுத்துவார். பெட்டிக்குள் இருக்கும் ஒயரை மீட்டரோடு சேர்த்து எண்ணைப் படித்து எழுதிக்கொள்வார். அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“மயில்துத்தம்தான இது? செடிக்கு நாங்க சுண்ணாம்போட கலந்து அடிக்கிறது.”

“அதேதான். ஆத்தாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு?”

“துத்தத்த வச்சுக் குழாய்க்கு என்ன வைத்தியம் பண்ணுற?”

அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து சொன்னார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, பழனியில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவராக இருந்தாராம்.

“ஈயம் போன பித்தளைப் பாத்திரத்துல புளிக்கொழம்பு வச்சா என்ன ஆகும் ஆத்தா?”

“களிம்பு ஏறும். தின்னா வாந்திதான்.”

“மண்ணு இருக்கே, அது இரும்புக்குப் புளி மாதிரி. அதுக்குத்தான் குழாய் மேல தோலு மாதிரி பூச்சு. தோலு எங்கனயாவது கிழிஞ்சா அங்க துருப் பிடிக்கும். அப்பிடிப் பிடிக்காம இருக்க, தூரத்துல ஒரு மிஷின் மண்ணு வழியாக் கொஞ்சூண்டு கரண்ட்ட அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் கரண்ட் சரியா வருதான்னு பாக்கத்தான் இந்தத் துத்தமும் மீட்டரும். இல்லாட்டி இரும்புக்கு எப்பவும் மண்ணாப் போகணும்ங்கிற ஆசைதான்.”

“எல்லாருக்கும் கடைசியில அங்கதான போகணும்.”

“நம்ம போகலாம் ஆத்தா. குழாய் போகக் கூடாது. அதுக்குத்தான என்னைய வச்சிருக்காங்க.”

இப்படிப் பேசுகிறவர் ஒரு நாள் பட்டையின் நடுவில் நின்று கம்பை ஊன்றி இப்படியும் அப்படியும் பார்த்தார். “ஆத்தா, இங்கன மண்ணு எறங்குன மாதிரி தெரியுதே? முன்னாடி கம்பத்தோட கான்கிரீட் வெளிய தெரியாது. இப்ப ஒரு சாண் தெரியுது.”

நான் கொய்யாவைக் கீறிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் சொன்னேன். “மழை அரிச்சிருக்கும் தம்பி.”

அதுதான் அந்த மூன்று வார்த்தை. அந்த வருஷம் நல்ல மழை. நம்பக்கூடிய பொய். அவர் நம்பினார். போனை எடுத்து மழை அரிப்பு என்று எழுதிக்கொண்டு, காயையும் தின்றுவிட்டுப் போனார்.

அடுத்த தை முடிந்து அந்தப் பட்டையில் அவரைக்காய்ப் பந்தல் போடலாம் என்று நினைத்தேன். கொடிதானே, மரம் இல்லையே என்று கணக்கு. பந்தலுக்குக் கால் நட வேண்டும். குழாய் பாய் வந்து போனபிறகு மத்தியானமாக நானும் மருமகளும் கடப்பாரையோடு போனோம். கடப்பாரை என் கையில்தான். அந்த வேலையை நான் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நாலாவது குழியில் தொடையளவு இறங்கியிருப்பேன். ஓங்கிப் போட்டதும் ணங்கென்று சத்தம். கல்லில் பட்டால் கை வலிக்கும். இது வலிக்கவில்லை, நடுங்கியது. அந்த நடுக்கம் கடப்பாரை வழியாக என் தோள்வரைக்கும் ஏறி வந்தது.

மருமகள் குனிந்து மண்ணைத் துடைத்தாள். கறுப்பாக உருண்டையாக ஒன்று தெரிந்தது. அதன் தோல் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே புது எவர்சில்வர் போல இரும்பு மின்னியது.

“அத்தே, குழாய் அத்தே.”

“தெரியுது.”

“குழாய் பாய்க்குப் போன் போட்டுச் சொல்லீருவோம் அத்தே. கம்பத்துலயே நம்பரு எழுதியிருக்கு.”

“வாயை மூடு. மண்ணைத் தள்ளு.”

மண்ணைத் தள்ளினோம். காலால் மிதித்தேன். நட்டிருந்த மூன்று காலையும் பிடுங்கிவிட்டு, பலகை போட்டு இழுத்து, எப்போதும்போலச் சமப்படுத்தினேன். அந்தப் பலகை இழுப்பில் எனக்கு இருக்கிற கைத்திறன் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

அதற்குப்பிறகு மூன்று நாள் ஒரு காரியம் செய்தேன். காலையும் மாலையும் போய் அந்த இடத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். மண் வாசனைதான் வந்தது. நாலாவது நாள் குழாய் பாயிடம் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன். “ஏன் தம்பி, இது கசிஞ்சா அடுப்பு காஸ் மாதிரி நாத்தம் வரும்ல?”

“வராது ஆத்தா. இதுக்கு வாசனையே கெடையாது. வீட்டுக்குப் போறதுலதான் தெரியட்டும்னு நாத்தத்தக் கலந்து விடுறாங்க. இந்தப் பெரிய லைனுல அப்பிடி இல்ல. அதான் செடி வாடியிருக்கான்னு பாத்துப் பாத்து நடக்குறேன்.”

அன்றைக்குக் கொய்யாவைக் கீறும்போது கத்தி என் விரலில் பட்டது. “வயசாச்சு ஆத்தா, மெதுவா,” என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்து அவரோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் இன்ஜினியர், கொடைக்கானல் பொண்ணு. கூட ஒரு ஆள். சில வருஷத்துக்கு ஒரு தரம் இப்படிக் குழாய் முழுக்கச் சோதிப்பார்களாம். அந்த ஆள் இரண்டு கையிலும் இரண்டு கோல் பிடித்து, கோலை ஊன்றி ஊன்றிக் குழாய் மேலேயே நடந்தார். கழுத்தில் ஒரு பெட்டி தொங்கியது. பெட்டியில் முள் ஆடியது.

நான் கொட்டகை நிழலில் நின்று பார்த்தேன். கோல் வந்தது, வந்தது, என் நாலாவது குழி இருந்த இடத்தில் நின்றது. ஒரு அடி முன்னே போய்த் திரும்பி வந்தது. இடப்பக்கம், வலப்பக்கம் ஊன்றினார்கள். மறுபடியும் அதே இடம். மேலே ஒரு புல்கூட அசையவில்லை, ஆனாலும் மண்ணுக்குள் இருக்கிற என் காரியம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொண்ணு ஒரு சின்னச் சிவப்புக் கொடியைக் குத்தினாள்.

“தோலு டேமேஜ் ஆகியிருக்கு பாட்டி,” என்று என்னிடம் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். “கிழிஞ்ச எடத்துல கரண்ட் ஒழுகும். அப்பிடி ஒழுகுறதத்தான் இந்தக் குச்சி கண்டுபிடிக்கும். இப்ப காஸ் லீக் இல்ல, செக் பண்ணிட்டோம். பயப்படாதீங்க.”

பிறகு ஆழம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. குழாய் பாயைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மேல் மண்ணு பாதிதான் இருக்கு. நீங்க ரிப்போர்ட்ல மழை அரிப்புன்னு போட்டிருக்கீங்க. மழை இப்படி ஸ்கேல் வச்ச மாதிரி ஸ்ட்ரெய்ட்டா அரிக்குமா? ஒரு ஓடை இல்ல, ஒரு பள்ளம் இல்ல.”

அவர் மண்ணைப் பார்த்தார். பட்டை ஓரத்தில் கொய்யா மரங்களின் தூரில் கொழுகொழுவென்று அணைத்திருந்த செம்மண்ணைப் பார்த்தார். பிறகு என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அது புரிந்தது.

“நான் சரியாப் பாக்கல மேடம்,” என்றார்.

“தினம் நடக்குறீங்க, பாக்கலையா? இல்ல, நடக்காமலே எழுதுனீங்களா? சாரி அண்ணே, நான் இதை மேல சொல்லித்தான் ஆகணும். காலையில ஆபீசுக்கு வாங்க.”

அவர்கள் போனபிறகும் அவர் தண்ணீர் குடிக்க வந்தார். எப்போதும்போல் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். கொய்யா வேண்டாம் என்றார். அவருக்கு ஒரு மகள், நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். கான்ட்ராக்ட் வேலை. போ என்றால் போக வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவரே கொய்யா தின்றுகொண்டு சொன்னவை.

அன்று மத்தியானம் மருமகள் சோற்றைப் போட்டாள். பேசவில்லை. என்னிடம் கற்றதுதானே.

மறுநாள் வெள்ளனே எழுந்து குளித்து, விசேஷத்துக்கு உடுத்துகிற சேலையைக் கட்டிக்கொண்டேன். கடப்பாரையைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்குக் கடப்பாரை என்று மருமகள் கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. வெறுங்கையோடு போய்ச் சொன்னால் கிழவி பாவம் பார்த்துப் பழியை ஏற்கிறாள் என்று நினைத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பார்த்தார். “ஆத்தா, பொம்பளைகளுக்குத்தான் ஃப்ரீ. கடப்பாரைக்கு டிக்கெட் உண்டு.”

“அதுவும் பொம்பளதான்யா. அம்பது வருசமா என்கூடத்தான் பொழைக்குது.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கடப்பாரையை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. போன் இருந்தால் கொடுங்கள், தீப்பெட்டி இருந்தால் கொடுங்கள் என்றார். அங்கே நெருப்பு கூடாது. இரும்பை உரசினால் பொறி வரும், கடப்பாரையும் கூடாது என்றார். “அதைத்தான்யா காட்ட வந்திருக்கேன், நீயே ஈரத் துணியில சுத்தி எடுத்துட்டு வா,” என்றேன். அவர் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் அந்தக் கொடைக்கானல் பொண்ணே வெளியே வந்து, கடப்பாரையை ஈரத் துணியில் சுற்றவைத்து என்னை உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே வராந்தா பெஞ்சில் குழாய் பாய் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். “ஆத்தா, நீங்க எதுக்கு வந்தீங்க? வீட்டுக்குப் போங்க.”

“நீ உக்காரு தம்பி. என் சோலியா வந்திருக்கேன்.”

அவர் உட்காராமல் என் பின்னாலேயே அதிகாரியின் அறைக்குள் வந்தார். பெரிய அதிகாரி கண்ணாடி போட்டவர். நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். “மண்ண மழை எடுக்கல. நான் எடுத்தேன், பத்து வருசமா. இவருகிட்ட மழைன்னு பொய் சொன்னதும் நான். பந்தக்காலு நடக் குழி தோண்டிக் குழாயக் குத்துனதும் நான். இந்தா, இதாலதான்.”

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சட்டென்று எழுந்து நின்றார்.

“குத்தா? பூச்சு உரிஞ்சது மட்டும் இல்லையா? இரும்பு மேல பட்டுச்சாம்மா?”

“பட்டுச்சு. மின்னுச்சு.”

அவரும் அந்தப் பொண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூச்சு கிழிந்தது மட்டும் என்றால் கரண்ட் இருக்கிறது, கொஞ்ச நாள் தாங்கும், அடுத்த மாதம் தோண்டலாம் என்று எழுதி வைத்திருந்தார்களாம். இரும்பில் வெட்டு விழுந்திருந்தால் கதை வேறு. உள்ளே காஸ் அழுத்தத்தோடு ஓடுகிறது. வெட்டிலிருந்து கீறல் ஓடும். காத்திருக்கக் கூடாது. அவர் அப்போதே போனை எடுத்து லைனில் அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு என் கடப்பாரையின் முனையை அளந்து எழுதிக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது நான் அதை எதற்குச் சுமந்து வந்தேன் என்று.

“ஏம்மா அன்னைக்கே சொல்லல? பயந்துட்டீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“பயம்னு சொன்னா அதுவும் பொய்யாப் போகும். வீம்புங்க. என்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுங்கிற வீம்பு.”

அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். “குத்துனது தெரியாம நடந்தது. மூடுனதுதாம்மா தப்பு. ஆனா இன்னைக்கு நீங்க வரலைன்னா ஒரு மாசம் அது அப்படியே கெடந்திருக்கும்,” என்றார். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அந்தப் பொண்ணு பேனாவை எடுத்து, “நீங்க சொல்லுங்க பாட்டி, நான் எழுதுறேன்,” என்றாள்.

“வேணாம் கண்ணு. செஞ்சது என் கை. அதே கை எழுதட்டும்.”

எழுதினேன். ஆறு வரி. மண் எடுத்தது நான், பொய் சொன்னது நான், குத்தியது நான், மூடியது நான், இவர் மேல் பழி இல்லை, இது சத்தியம். ‘ழ’வுக்கு வால் எந்தப் பக்கம் என்று ஒரு தரம் நிறுத்தி யோசித்தேன். டீ வந்து ஆறியது. அதிகாரிக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும், போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் என்னை வெரசா எழுது என்று சொல்லவில்லை. எழுத்துத் தெரிந்த நாலு பேர் சுற்றி நின்று, ஒரு கிழவி ஆறு வரி எழுதி முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் செய்ததில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் தோப்புக்கு வந்துவிட்டார்கள். மிஷின் கொண்டுவரவில்லை. குழாய் பக்கத்தில் கையால்தான் தோண்ட வேண்டுமாம். முதலில் காற்றைச் சோதித்தார்கள். பிறகு மண்வெட்டியால் அங்குலம் அங்குலமாக எடுத்தார்கள். குழாய் பாயும் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட நின்றார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளித்தான் நின்றேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பொண்ணு குழிக்குள் இறங்கி, கிழிந்த இடத்தைத் துடைத்து, இரும்பின் கனத்தை அளந்தாள். நெடுநேரம் அளந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைத் தேடிச் சொன்னாள். “பாட்டி, லேசாத்தான் பட்டிருக்கு. நகக்கீறல் அளவு. இரும்பு நல்லா இருக்கு.”

நான் மருமகளின் கையை விட்டேன். தெற்கே எங்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கீறலைத் தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள். மேலே பிசுபிசுவென்று ஒரு நாடாவைச் சுற்றினார்கள். அதன்மேல் இன்னொரு தோல். கடைசியில் கம்பி பிரஷ் வைத்த ஒரு கருவியால் சுற்றிலும் தடவினார்கள். ஊசித்துளை இருந்தாலும் அந்தக் கருவி கத்திக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அது கத்தவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அந்த நிசப்தத்தைக் கேட்டோம்.

மூடுவதற்கு வெளியிலிருந்து மண் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். நான் விடவில்லை. கல் இல்லாத மண்தான் குழாய் மேல் படலாம் என்றதும், நானும் மருமகளும் கொய்யாத் தூரில் அணைத்திருந்த மண்ணையே சலித்துக் கூடையில் அள்ளிக் கொண்டுபோனோம். முதல் கூடையைக் குழாய் பாய் என் தலையிலிருந்து இறக்கி வாங்கினார். மீதியை அவர்கள் லாரியில் கொண்டுவந்து, பழையபடி குழாய் மேல் மார்பளவு மண் இருக்கும்படி நிரப்பினார்கள். மஞ்சள் எச்சரிக்கை விரிப்பு ஒன்றும் உள்ளே போட்டார்கள்.

அவருடைய வேலை போகவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. “எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேனே, பெறகும் எதுக்குக் கடுதாசி? நீயாவது அன்னைக்கே என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாம்ல?” என்று அவரிடமே கேட்டேன்.

“நீங்க சொன்னத நம்பி எழுதுனது என் கைதான ஆத்தா? மட்டம் பிடிச்சு அளந்து பாத்திருக்கணும். அது என் சோலி. உங்க மேல எப்பிடிப் போடுவேன்? கடுதாசி சரியான கடுதாசிதான்.”

இப்போது அவர் பத்து மணிக்கு வருகிறார். முதலில் பட்டைக்குப் போய், மஞ்சள் கம்பத்திலிருந்து மட்டம் பிடித்து மண்ணை அளக்கிறார், எழுதிக்கொள்கிறார். நான் ஆழம் சரியாக இருக்கிறது தம்பி என்று சொன்னாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வருகிறார். என் வார்த்தையைவிட அவர் அளவுகோலை நம்புவதில் எனக்கு வருத்தம் இல்லை. அளந்து முடித்ததும் கொய்யா தின்கிறார். அவர் மகள் திண்டுக்கல்லில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். அந்தச் செய்தியை முதலில் எங்கள் கொட்டகையில்தான் வந்து சொன்னார்.

பட்டையில் கடலை போட்டிருக்கிறேன். பலகை இழுக்கிற வேலையை விட்டுவிட்டேன். மருமகள் இப்போது என்னோடு பேசுகிறாள். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பேத்தி வந்திருக்கிறாள், அவளைக் கூப்பிடுகிறேன். ஏத்தா, இங்கிட்டு வா. பை கெடக்கட்டும், அப்புறம் எடுத்து வைக்கலாம். இந்த நோட்ட மொதல்ல இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. வெரசா வாசிக்காத, நான் எழுதுன மாதிரியே மெதுவா வாசி. அந்த மழைன்னு சொன்ன எடம் முழுசா வந்திருக்கான்னு பாரு. அத மட்டும் நான் எங்கனயும் மண்ணப் போட்டு மூடீரக் கூடாது.